சிறுத்தையின் வயிற்றில் இடமில்லை

“சிறுத்தப் பீ பொறுக்கிக்கினு போற அம்மா நீங்கதானே? அதுல எம் வூட்டுக்காரரு இருக்காரான்னு பாத்துச் சொல்லணும்.”

வாசலில் நின்ற பெண் இப்படிக் கேட்டதும், இட்லியை வாயில் போட்டுக்கொண்டிருந்த வக்கீல் வேங்கடேசனுக்குப் புரையேறிவிட்டது. அவருடைய மனைவி காந்திமதி அவர் தலையில் இரண்டு தட்டு தட்டி, தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, “உள்ளே வாம்மா, உக்காந்து சொல்லு” என்றாள். குரலில் ஒரு சலனமும் இல்லை. காந்திமதியை அசைத்துப் பார்க்க விழுப்புரத்தில் யாராலும் முடிந்ததில்லை.

அவள் பார்த்துவந்த வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண் கேட்டது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். காந்திமதி சென்னையில் விலங்கியல் படித்தவள். கல்யாணத்தின்போது, ஒட்டியாணத்துக்குப் பதிலாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கித் தாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டு வாங்கியவள். திருவக்கரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் ஒரு சிறுத்தை நடமாடியது. சனிக்கிழமைதோறும் அங்கே போய், அது வழியெல்லாம் போட்டுவைத்த எச்சத்தை ஒன்று விடாமல் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் அலசுவாள். மாமிசம் செரித்துவிடும், மயிரும் எலும்புத் துணுக்கும் செரிக்காது. அந்த மயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், சிறுத்தை தின்றது ஆடா, முயலா, எலியா என்று சொல்லிவிடலாம். இப்படி ஒரு வருஷமாக அந்த மிருகத்தின் சாப்பாட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வேங்கடேசனும் வீட்டில் முணுமுணுப்பார். ஆனால் கோர்ட்டில் எவனாவது சிரித்தால் சட்டையைப் பிடிக்கப் போய்விடுவார்.

வந்தவள் பெயர் இருதயமேரி. திருவக்கரைக்குப் பக்கத்து ஊர். கணவன் அந்தோணிசாமி, தாண்டவராயன் என்ற பெரிய நிலக்காரரின் பண்ணையில் வேலை செய்பவன். போன வாரம் திங்கட்கிழமை, ஓடைக்கு அந்தப்பக்கம் வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைக்குக் காவலுக்குப் போகச் சொல்லியிருக்கிறார் எஜமான். சாயங்காலம் நடந்து போனவன்தான், ஆளைக் காணோம். இருதயமேரி சும்மா இருக்கவில்லை. பண்ணை வீடு, எஜமானின் ரைஸ் மில், போலீஸ் ஸ்டேஷன் என்று ஓயாமல் அலைந்து கேட்டிருக்கிறாள். முந்தாநாள், இரத்தம் தோய்ந்த அவன் துண்டு ஓடையோரப் புதரில் கிடைத்தது. பக்கத்திலேயே சிறுத்தையின் எச்சம். அதைக் குச்சியால் கிளறினால் உள்ளே மனிதத் தலைமுடி.

“அடிச்சுத் தின்னுடுச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல அவருக்காகச் சாவுப் பூசை. பூசை முடிஞ்சதும் தாலியக் கழட்டணும்னு எங்க சனங்க சொல்லிக்கினு இருக்காங்க. நான் மாட்டேன்னுட்டேன். அவரு செத்திருந்தா எனக்குத் தெரியாதா? ஆனா தெரியும்னு சொன்னா யாரு நம்பறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. இருந்தா இருக்குன்னே சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன்.”

அவள் அழவில்லை. தாலிக் கயிற்றை மட்டும் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேங்கடேசனுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு இருந்த ஒரே வழக்கையும் வாய்தா கேட்கச் சொல்லிக் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் வந்து நின்றார். இந்த மாதிரி மர்மம் ஒன்று தன் வீட்டுக் கதவைத் தட்டாதா என்று அவர் பல வருஷமாக ஏங்கியவர்.

அது 1944. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. விக்கிரவாண்டி தாண்டியதும் அந்தக் கரி பஸ் இரண்டு முறை படுத்துவிட்டது. மூன்று பேரும் இறங்கி நடந்து, மாட்டு வண்டி பிடித்து, உச்சிவேளைக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பண்ணை வீட்டில் காரியஸ்தன் கண்ணையன் இருந்தான். மரியாதை தெரிந்தவன். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவன் மடியில் பேரக்குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, நெல்லிக்காய் போலப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கண்ணையனின் மனைவி வெள்ளையம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் துண்டை முதலில் பார்த்தது அவள்தான். பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று சொல்லி, இருதயமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திண்டிவனம் சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி முந்தின நாளே வந்து பார்த்துப் போயிருந்தார். எச்சத்தில் பாதியை அவர் எடுத்துப் போக, மீதிப் பாதி வாழைச் சருகில் பொதிந்து பண்ணை வீட்டில் இருந்தது. கண்ணையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீட்டினான். காந்திமதி அதை முகர்ந்து பார்த்தாள். வேங்கடேசன் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

திண்ணென்று வளர்ந்த ஒரு நாய் அப்போது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எஜமானின் நாய், பெயர் டைகர். வெள்ளையம்மாள் ஒரு சட்டியில் நொய்ச் சோற்றைக் கொட்டி அதன் முன்னால் வைத்தாள். உமியும் தவிடும் கலந்த மில் நொய்தான் என்றாலும் அரிசி அரிசிதானே. ஊருக்குள் வரும் வழியில் எத்தனையோ நாய்களைப் பார்த்தார்கள், எல்லாம் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலக் கிடந்தன. வேங்கடேசன் இதைச் சொல்லி நாயைத் தட்டிக்கொடுத்தார். காந்திமதி நாயைப் பார்த்துவிட்டுக் களத்தைச் சுற்றி ஒரு நடை போனாள். மாட்டுக் கொட்டகையில் ஒரு ஜோடிக்கான இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, அந்த ஜோடியை எஜமான் விற்றுவிட்டார் என்றான் கண்ணையன்.

அதன் பிறகுதான் அவள் ஓடைக்குள் இறங்கினாள். போன சனிக்கிழமை மழையால் வர முடியாமல் போயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை வந்தபோது ஓடை முழுவதையும் துடைத்த மாதிரி பொறுக்கியிருந்தாள். ஆகவே இப்போது அங்கே என்ன கிடந்தாலும் அதற்குப் பிறகு போட்டதுதான். பாறை மேலும், ஒற்றையடிப் பாதை நடுவிலும், மண்ணைக் காலால் பிராண்டிய அடையாளத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. பொறுக்கப் பொறுக்க அவள் முகம் மாறுவதை வேங்கடேசன் கவனித்தார். “என்ன, என்ன?” என்று மூன்று தரம் கேட்டும் அவள் அடுத்ததைப் பொறுக்கத்தான் குனிந்தாள். டிபன் காரியர் நிரம்பிவிட்டது. அவருடைய டிபன் காரியர்.

இருதயமேரி ஊரிலேயே தங்கினாள். மறுநாள் திண்டிவனத்தில் தாண்டவராயனின் மில்லில் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி விசாரணையை முடிக்கப்போவதாகச் சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அங்கே வந்துவிடுவதாகக் காந்திமதி அவளிடம் சொன்னாள். வேறு எந்த நம்பிக்கையும் கொடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் விளக்கு வைக்கிற நேரத்தில் சமையலறை பரிசோதனைக் கூடமாகிவிட்டது. வெந்நீர், சல்லடை, பீங்கான் தட்டுகள். வேங்கடேசன் மூக்கில் வேட்டி நுனியைச் சுருட்டி வைத்துக்கொண்டு தட்டு தட்டாக நகர்த்தினார். ஒவ்வொரு மயிராக மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போய் வந்தது.

“எலி. எலி. பெருச்சாளி. முயல். இதோ ஒரு தெரு நாய். மறுபடி எலி” என்றாள் காந்திமதி.

“அப்போ இந்தச் சிறுத்தைக்கு எலிதான் முக்கியமான சாப்பாடு?”

“அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. எலி உடம்புல பாதிக்கு மேல மயிரும் எலும்பும்தான். நாலு எலி தின்னா எச்சம் நிறைய வரும், வயித்துக்குப் போன கறி கொஞ்சம். நாயோ ஆடோ தின்னா கறி மூட்டையா உள்ளே போகும், மயிர் இத்துனூண்டுதான் வெளியே வரும். அதனால எச்சத்த எண்ணிட்டுச் சாப்பாட்டக் கணக்குப் போடக் கூடாது. சென்னையில என் சிநேகிதி ஒரு கூண்டுச் சிறுத்தைக்கு எதைக் கொடுத்தா எவ்வளவு வருதுன்னு பாத்துச் சொல்லியிருக்கா. அந்தக் கணக்குப்படி பாருங்க. நாய் ரெண்டு நாள் பசிக்கு. முயலும் பெருச்சாளியும் எலியும் மிச்ச நாளுக்கு. நம்ம சிறுத்தை வயிறு நிறைஞ்சிருக்கு. நாள் பூரா அலைஞ்சு எலி பிடிச்சிருக்கு. ஒரு ஆளைத் தின்ன மிருகம் எலி பின்னால ஓடுமா? பாறையிடுக்குல படுத்துத் தூங்கும். இதுல ஒரு மனுஷனுக்கு இடமே இல்லைங்க.”

வேங்கடேசன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “அப்போ அந்தத் துண்டுக்குப் பக்கத்துல கெடந்தது?”

காந்திமதி எழுந்து வந்தாள். அவர் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். அவர் ஐயோ என்றதைக் காதில் வாங்காமல், அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு முனையில் குமிழ் போல வேர். மறு முனை நாவிதர் கத்திரி பட்டு மொட்டையாக இருந்தது. சிறுத்தை கடித்து இழுத்துத் தின்ற ஆண்பிள்ளையின் முடி இப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள் அவள். பிறகு பண்ணை வீட்டுப் பொதியிலிருந்து எடுத்த முடியை வைத்தாள்.

ஒரு முனை கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது. வேரே இல்லை. மறு முனையோ தையல் ஊசி போலக் கூராகிக்கொண்டே போய் முடிந்தது.

“இந்தக் கூர் முனை, முடி முளைக்கும்போது இருக்கிற முனை. ஒரு தடவை கத்திரி பட்டாப் போயிடும், திரும்ப வராது. இந்த முடி முளைச்ச நாளிலேருந்து ஒரே ஒரு தடவைதான் வெட்டுப்பட்டிருக்கு.”

“பொம்பளை முடி!” என்று துள்ளினார் வேங்கடேசன். “பொம்பளைங்கதான் முடி வெட்டறதில்லையே!”

“பொம்பளை முடி இப்படி விரல் நீளம்தானா இருக்கும்?”

வேங்கடேசன் துள்ளியதை நிறுத்திக்கொண்டார். காந்திமதி இன்னொரு தட்டை நகர்த்தினாள். அந்த எச்சத்தைக் கரைத்ததில் முடியைத் தவிர வேறு எந்த மயிரும் இல்லை. அடியில் பொன்னிறத் தூள் படிந்திருந்தது. நெல் உமி. சிறுத்தை நெல் தின்பதில்லை. இது நாயின் எச்சம். அதைப் பிளந்து முடியை உள்ளே வைத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

வேங்கடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை அவருக்கு. சிறுத்தை தின்னவில்லை என்றால் அந்த ஆள் எங்கே? யாராவது அடித்துப் போட்டுவிட்டுச் சிறுத்தை மேல் பழியைப் போட்டிருந்தால்? அந்தப் பெண்ணிடம் நாளைக்கு எந்த முகத்தோடு சொல்வது? காந்திமதியும் முதல் முறையாகக் கவலையோடு தெரிந்தாள். தனக்கும் அதுதான் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை திண்டிவனம் போக ரயிலடிக்கு வந்தபோது, பிளாட்பாரத்தில், ஜப்தி நிறைவேற்றுகிற கோர்ட்டு அமீனா எதிர்ப்பட்டார். வண்டி வரும்வரை அவரும் வேங்கடேசனும் ஊர்க்கதை பேசினார்கள். வண்டி கிளம்பியதும் மனைவியின் முகவாட்டத்தைப் போக்க வேங்கடேசன் அந்தக் கதையை அவளுக்கும் சொன்னார்.

பெர்மிட் இல்லாமல் நெல் நகரக் கூடாத காலமல்லவா. புதுச்சேரி எல்லைப் பக்கம் போன ஒரு நெல் வண்டியைப் போலீஸ் மடக்கியிருக்கிறது. வண்டிக்காரன் தன் பெயர் பச்சைமுத்து என்றான், அதோடு சரி. யார் நெல், எந்த ஊர் வண்டி, ஒரு வார்த்தை கிடையாது. எஜமான் வந்து மீட்பார் என்று காத்துக்கொண்டு விழுப்புரம் சப்-ஜெயிலில் இருக்கிறான். ஜப்தி செய்த மாடுகள் கோர்ட்டு வளாகத்தில், ஜெயில் மதிலை ஒட்டிக் கட்டிக்கிடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், மாடுகள் யார் தண்ணீர் காட்டினாலும் குடிப்பதில்லை. அவன் மதிலுக்கு உள்ளேயிருந்து சீட்டியடிக்கிறான், வெளியே இதுகள் தொட்டியில் தலையை விடுகின்றன. இன்னொரு வேடிக்கை, பெயர் பச்சைமுத்து, ஆனால் கஞ்சி குடிக்குமுன் சிலுவைக் குறி போடுகிறானாம்.

சொல்லிவிட்டு வேங்கடேசன் சிரித்தார். காந்திமதி சிரிக்கவில்லை. என்றைக்குப் பிடித்தார்கள் என்று மட்டும் கேட்டாள். போன வாரம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை என்று அமீனா சொன்னதாகச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது. வேங்கடேசன் இதைப் பார்த்தார், புரிந்துகொள்ளவில்லை. பாவம், நல்ல மனுஷர்.

திண்டிவனத்தில் தாண்டவராயனின் மில் முன்கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நாற்காலியில் தாண்டவராயன், பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மேஜையில் சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி. சுவரோரம் கண்ணையன். சாட்சிக்காக வந்த வெள்ளையம்மாள் இடுப்பில் பேரனோடு நின்றாள். இருதயமேரி வாசற்படிக்கருகே. காந்திமதி உள்ளே வந்ததும் இருதயமேரி அவள் முகத்தையே பார்த்தாள். காந்திமதி அவளிடம் நேராகப் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

“உன் புருஷனைச் சிறுத்தை தின்னலை.”

தாண்டவராயன் மெல்லச் சிரித்தார். படித்த பெண்களுக்குப் பொழுது போக வேண்டியதுதான், அதற்காகச் செத்தவன் விஷயத்திலா விளையாடுவது என்று சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டார். கிருஷ்ணசாமி நியாயமான ஆள். அம்மா சொல்லட்டும், கேட்டுவிட்டு முடிவு பண்ணலாம் என்றார்.

காந்திமதி சல்லடையில் கண்டதைச் சொன்னாள். சிறுத்தையின் பத்து நாள் சாப்பாட்டைச் சொன்னாள். அதன் வயிற்றில் ஒரு மனிதனுக்கு இடமில்லை என்பதைச் சொன்னாள். பிறகு பீங்கான் தட்டை மேஜையில் வைத்தாள்.

“துண்டுக்குப் பக்கத்துல கெடந்தது நாயோடது. இதுல நெல் உமி இருக்கு. சார், நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்க. இந்தத் தட்டுப்பாட்டுல மனுஷனே கேப்பைக் கூழ்தான் குடிக்கிறான். அரிசிச் சோறு தின்கிற நாய் அங்க எத்தனை இருக்கு?”

கிருஷ்ணசாமி கண்ணையனைப் பார்த்தார். டைகரை அவரும் தட்டிக்கொடுத்தவர்தான். கண்ணையன் தரையைப் பார்த்தான்.

“நாய் எங்கயும் போகும், எங்கயும் பேலும்,” என்றார் தாண்டவராயன். “முடி?”

“அதுக்குத்தான் வர்றேன். முடியோட ஒரு முனை கத்தியால சிரைச்சது. இன்னொரு முனையில கத்தியோ கத்திரியோ பட்டதே இல்லை. உலகத்துல இப்படிக் குட்டையான முடி ஒரே இடத்துலதான் கிடைக்கும். பிறந்த முடி எடுக்கிற குழந்தையோட தலையில.”

எல்லார் பார்வையும் வெள்ளையம்மாளின் இடுப்புக்குப் போயிற்று. சந்தனத் தலையோடு குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டாள்.

“வக்கரகாளிக்கு நேந்துக்கினு எடுத்த முடி. ஆத்துல வுட்டுட்டு வான்னு உங்கையிலதானே குடுத்தேன். வுட்டியா?”

சப்-இன்ஸ்பெக்டர் அவனை எத்தனை மிரட்டியிருந்தாலும் கண்ணையன் வாய் திறந்திருக்க மாட்டான். எஜமானின் உப்பைத் தின்றவன், அடி தாங்குகிற உடம்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். ஆற்றில் விட்டது போக ஒரு கை முடியை மடியில் முடிந்துகொண்டதை, அதை நாயின் பீயில் வைத்ததை, கொட்டகையில் கிடந்த அந்தோணிசாமியின் துண்டில் ஆட்டு இரத்தத்தைப் பூசியதை ஒவ்வொன்றாகக் கக்கினான். வெள்ளையம்மாள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, அவனை விட்டு விலகிப் போய் இருதயமேரியின் பக்கத்தில் நின்றாள்.

“காளியாத்தா கண்ணக் குத்திடுவாளேன்னு அன்னைலேருந்து எனக்குச் சோறு எறங்கலம்மா,” என்று அழுதான் கண்ணையன். “எஜமான் சொன்னாரு, செஞ்சேன். இந்தப் பொண்ணு போலீசு போலீசுன்னு அலைஞ்சுக்கினு இருந்திச்சு, பெரிய பேஜாராப் போச்சு. சிறுத்தன்னு சொல்லிட்டா தேடறத வுட்டுடும்னாரு.”

இருதயமேரி முன்னால் வந்தாள். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தது அவள் குரலில் வெடித்தது. “அப்ப அவரு எங்க? என்னா பண்ணீங்க அவர?”

கண்ணையன் எஜமானைப் பார்த்தான். எஜமான் எழுந்து, எங்களுக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டோமா, ஓடிப்போயிருப்பான் என்று சால்வையைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் காந்திமதி அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“மேரி, உன் புருஷன் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது என்ன பண்ணுவாரு?”

“என்னாம்மா கேக்கறீங்க? சீட்டி அடிப்பாரு. அவரு அடிச்சாத்தான் அந்த ஜோடி குடிக்கும். எங்கிட்ட கூட—”

வேங்கடேசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அது பின்னால் விழுந்தது. “பச்சைமுத்து!” என்று கத்தினார். “சிலுவை! அடக் கடவுளே, என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஜெயில்ல உயிரோட இருக்கான்!”

அவரை அமைதிப்படுத்திவிட்டு, மிச்சத்தைக் காந்திமதியே சொன்னாள். சிறுத்தை ஆளைத் தின்னும், வண்டியையும் மாட்டையும் சேர்த்தா தின்னும்? கொட்டகையில் ஒரு ஜோடி இல்லை. அந்தோணிசாமி காவலுக்குப் போகவில்லை, பதுக்கிய நெல்லை ஏற்றிக்கொண்டு எல்லைக்குப் போனான். பிடிபட்டால் வேறு பெயர் சொல், என் பெயரைச் சொல்லாதே, நான் மீட்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார்கள். மீட்கப் போனால் நெல் யாருடையது என்று வெளியே வந்துவிடும். அவனைத் தேடிப் பெண்டாட்டி போலீசுக்குப் போனாலும் வந்துவிடும். ஆகவே அவன் செத்தாக வேண்டும், காகிதத்தில் மட்டும். தண்டனை முடிந்து ஒருநாள் திரும்பி வந்தால், அடடா, சிறுத்தை என்றல்லவா நினைத்தோம் என்று எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷப்பட்டால் போயிற்று.

தாண்டவராயன் மறுக்கவில்லை. வக்கீலை வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். கிருஷ்ணசாமி ஏற்கெனவே மில் கிடங்கின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

இருதயமேரி இது எதையும் கேட்கவில்லை. அவள் ரயிலடிக்குப் போகும் வழியில் பாதி தூரம் போயிருந்தாள். வேங்கடேசன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அவர்கள் விழுப்புரம் கோர்ட்டு வளாகத்துக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வேங்கடேசன் ஜாமீன் மனுவோடு மாஜிஸ்டிரேட்டைப் பிடிக்க உள்ளே ஓடினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு வேகமாக எந்த மனுவும் எழுதியதில்லை, கையெழுத்து அவருக்கே புரியவில்லை. காந்திமதியும் இருதயமேரியும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பியூன் தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்தினான். அவை தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றன.

பியூன் மதிலைப் பார்த்து, ஆச்சுப்பா என்று குரல் கொடுத்தான்.

மதிலுக்கு உள்ளேயிருந்து சீட்டி வந்தது. நீளமாக, சுகமாக, நடுவில் ஒரு சிறு வளைவோடு. இரண்டு மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தொட்டிக்குள் விட்டன.

பத்து நாளாக அழாத இருதயமேரி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். காந்திமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. அசைக்க முடியாத காந்திமதியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருதயமேரி மதிலோரம் போய் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உரக்கச் சொன்னாள்.

“யோவ், ஞாயித்துக்கெழம உனக்குச் சாவுப் பூசை வெச்சிருக்காங்க. ஜல்தியா வந்து சேரு.”

சீட்டி பாதியில் நின்றது. மாடுகள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தன.